சீட்டும் கயிறும்

துன்பம் வந்துற்ற வேளையில் மனிதன் தேடுவது விடையை மட்டுமன்று. தன் கேள்வியைக் கேட்பதற்கு ஓர் இடத்தையும் தேடுகின்றான். பிழைப்பின் பொருட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா எனக் குடிபெயர்ந்த நம்போன்றோர்க்கு அவ்விடம் எளிதில் வாய்ப்பதில்லை. ஊரில் என்றால் குலதெய்வத்தின் சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்கலாம். திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியப்பாவிடம் கேட்கலாம். இங்கோ மகளின் திருமணம் தடைப்பட்டாலும், மகனின் வேலை பறிபோனாலும், டாரட் சீட்டுப் பார்ப்பவரை நாடும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. இது தகுமா?

அச்சீட்டுகள் எகிப்தியரின் மறைநூல் என்பது, 1781-இல் கூர் தெ ஜெபெலின் என்னும் பிரெஞ்சு அறிஞர் கிளப்பிவிட்ட கதை. உண்மையில் அவை 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்கெனத் தோன்றியவை. மொத்தம் 78 சீட்டுகள். அவற்றுள் 22 தனிச்சிறப்புடைய படங்கள். இன்று பெரிதும் வழங்கும் படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணி. அவை இலண்டனில் வெளியான ஆண்டு 1909. எனவே பழமையின் பெயரால் அவற்றை வணங்க வேண்டியதில்லை.

ஆயினும், விளையாட்டுச் சீட்டுத்தானே என்று ஒதுக்கிவிடவும் என் மனம் ஒப்பவில்லை. இடி விழுந்து சரியும் கோபுரத்தின் படத்தைக் கண்டதும், மனைவியிடமும் மறைத்து வைத்த கடனைப் பற்றி ஒருவர் வாய் திறந்து பேசிவிடக்கூடும். பேச வைத்தது சீட்டின் மந்திரமன்று. நெஞ்சில் நிறைந்திருந்த பாரமே. வெளிவர அதற்கு ஒரு வாயில் வேண்டியிருந்தது.

இத்தகைய வாயிலை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். முல்லைப்பாட்டில், போர்மேற் சென்ற தலைவன் மீள்வானோ என்றறிய, முதுபெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். ஆய்மகள் ஒருத்தி, தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றிடம், உன் தாய் இப்பொழுதே வந்துவிடுவாள் என்கிறாள். அவள் பேசியது கன்றோடு. முதியோரோ அதனைத் தமக்குரிய நற்சொல்லாகக் கொண்டனர். ஆனால் தலைவியின் கண்ணீர் அச்சொல்லால் நிற்கவில்லை. நற்சொல் கிடைத்த பின்னரும் பிரிவைத் தாங்க வேண்டியவள் அவளே என்பதைப் புலவர் மறைக்கவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடிவெடுக்க அஞ்சுபவர், 'தக்க ஆணை வேண்டி' என்று குறிப்பெழுதிக் கோப்பை மேலே அனுப்பிவிடுவார். பின்னால் வினை நேர்ந்தால் கையொப்பம் வேறொருவருடையது அன்றோ! சீட்டை நாடுவோரில் பலர் அதனையும் அத்தகைய மேலதிகாரி ஆக்கிவிடுகின்றனர் என்பதே என் குறை. அந்த அச்சத்தைக் கண்டுகொண்டு பரிகாரமும் கல்மோதிரமும் விற்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு மாறான ஒரு வரலாற்றைச் சைவ மரபு போற்றி வருகின்றது. பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவை அணுகினார். குரு தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தார். திருவெண்காட்டு முக்குள நீராடலின் பயனைக் கூறும் சம்பந்தர் பாடல் வந்தது. களப்பாளர் வீட்டில் அமர்ந்து பலனை எதிர்பார்த்திருக்கவில்லை. மனைவியோடு திருவெண்காடு சென்று, நாள்தோறும் நீராடி வழிபட்டார். இப்பிறவியில் உனக்குப் பிள்ளைப் பேறில்லை என்று இறைவனே கனவில் உரைத்தபோதும், சம்பந்தர் வாக்கை நம்பி வந்தேன் என்று அசையாது நின்றார் என்பர். ஏட்டில் வந்தது ஒரு பாட்டு; அதன்பின் நடந்த அத்தனையும் அவர் செய்தது. அடுத்து என்ன நேரும் என்று அவர் கேட்டிருந்தால் கனவோடு கதை முடிந்திருக்கும். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவராதலால் தொடர்ந்தது. சீட்டோ கயிறோ, கேட்பவன் இவ்விரண்டில் எதைக் கேட்கிறான் என்பதைப் பொறுத்தே என் மதிப்பு அமையும்.

அங்ஙனம் பிறந்த குழந்தையே பின்னாளில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார். கயிறு சாத்திய குருவோ சகலாகம பண்டிதர். ஆணவத்தின் வடிவம் யாது என்று அவர் அச்சிறுவரைச் செருக்கோடு வினவ, சிறுவர் அவரையே மேலும் கீழும் நோக்கினாராம். அப்பார்வையின் பொருள் உணர்ந்த பண்டிதர் அக்கணமே மாணவரானார். அருணந்தி சிவாசாரியார் என்ற பெயரில் சிவஞான சித்தியாரை இயற்றினார்.