சேற்றின் சாட்சியம்

திசைகாட்டி பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஏழாம் தரத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "சேர், வடக்கு எப்பவும் வடக்காத்தான் இருந்ததா?" இல்லை என்றேன். ஏறத்தாழ 7 லட்சத்து 73 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் பூமியின் காந்தப்புலம் கடைசியாகப் புரண்டது. அதற்குச் சற்று முன்னர் இந்த ஊசி தெற்கைக் காட்டியிருக்கும். "அத ஆர் பாத்த?" என்றான். கடற்சேறு பார்த்தது என்றேன். அந்தப் பதில்தான் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

2015இல் ஜோய்டெஸ் ரெசொலூஷன் என்ற ஆய்வுக் கப்பல் வங்காள விரிகுடாவில் வட அகலக்கோடு 8 பாகையை ஒட்டி ஏழு இடங்களில் துளையிட்டு, கொழும்பில் பயணத்தை முடித்தது. எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே ஓடும் கோடு அது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அள்ளி வந்த மண் அங்கே படிந்து கிடக்கிறது. அதிலுள்ள நுண்ணிய காந்தத் துணிக்கைகள் படியும்போது அன்றைய புலத்தின் பக்கம் திரும்புகின்றன. காந்த நடுக்கோடு அருகில் என்பதால் (தும்பாவில் 1963இல் ரொக்கெற் ஏவத் தொடங்கியதும் அந்தக் கோட்டை நாடித்தான்) இங்கே ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடையாகவே நிற்கும். ஆகவே சாய்வை வைத்துப் புரண்டதா என்று சொல்ல இயலாது; மண்தூண் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று தெரிய வேண்டும். சாட்சியிடம் நீ எங்கே நின்றாய் என்று கேட்கிறோமே, அது போல.

விழுந்த கணத்திலேயே துணிக்கை நிலைத்துவிடுவதுமில்லை. ஈரம் உள்ளவரை அசையும். புழுக்கள் கிளறும். மேலே மண் ஏறி இறுகிய பின்னரே திசை உறையும். ஆக, ஒரு படை காட்டுவது தான் விழுந்த நேரத்தையல்ல, அதற்குப் பிந்திய நேரத்தை. துளையிடும் இரும்பும் தன் காந்தத்தை அதன்மேல் ஏற்றிவிடும்; அதை ஆய்வுகூடத்தில்தான் கழுவி எடுக்கிறார்கள்.

2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்ப் பக்கம் நடந்தோம். வழியில் விழுந்துவிட்ட ஒரு மூதாட்டியை நான் முதுகில் சுமந்தேன் என்று முகாமிலும் கல்யாண வீடுகளிலும் ஆசிரியர் கலாசாலையிலும் சொல்லி வந்திருக்கிறேன். போன நோன்புப் பெருநாளன்று உம்மா சொன்னா: "அது நீயில்ல மகன், காக்கா. நீ தண்ணிப் போத்தலத்தான் தூக்கிட்டு வந்த."

காக்கா மௌத்தாகி ஒன்பது வருடம். நான் அந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவர், ஒருநாளும் திருத்தவில்லை.

நான் சொன்னது பொய்யா? பொய்யென்றால் உண்மை தெரிந்திருக்க வேண்டும். எனக்கோ இப்போதும் முதுகில் அந்தக் கனம் இருக்கிறது. ஆனாலும் குற்றமில்லை என்று விட மனம் ஒப்பவில்லை. புழு கிளறியதற்குச் சேறு பொறுப்பல்ல. என் நினைவைக் கிளறியது கேட்டவர்களின் மெச்சுதல். அதை விரும்பியவன் நான். ஆய்வாளர்கள் ஒரு துளையை மட்டும் நம்பாமல் பக்கத்துத் துளைகளோடு ஒப்பிடுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கத்துத் துளை ஒரே பாயில் படுத்திருந்தது. நான் கேட்கவில்லை.

அந்த மூதாட்டியின் பேரன் சந்தையில் மீன் விற்கிறார். என்னைக் கண்டால் இன்றும் நிறுத்த பிறகு ஒரு மீன் கூடப் போடுவார். போன வெள்ளிக்கிழமையும் வாங்கி வந்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.