பெற்றோரின் போதையும் பிள்ளையின் உயிரும்

போதையால் குடும்பங்கள் கெடுவதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். பிரிட்டன் நாட்டில் நடப்பதோ இன்னும் குழப்பமான காரியம். அங்கே ஹெராயின் பழக்கத்தை விட வருகிறவர்களுக்கு மெத்தடோன் என்ற மருந்து கொடுக்கிறார்கள். பெரும்பாலும் பச்சை நிறத்தில், குடிக்கும் மருந்தாக இருக்கும். முதலில் மருந்துக்கடைக்காரர் கண்முன்னே தினமும் குடிக்க வேண்டும். நம்பிக்கை வந்தபின் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். பழகிய உடம்பு தாங்கும் அளவு, பிஞ்சுக் குழந்தையின் மூச்சை உறக்கத்திலேயே நிறுத்திவிடும். சர்பத் என்று எண்ணிக் குடித்துப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அழுகையை அடக்கப் பெற்றவரே ஊட்டியதும் உண்டு.

ஊட்டியது மகாபாவம், அதில் விவாதமில்லை. திருந்துவதற்காக மருந்து வாங்கிவந்து, கைக்கெட்டும் இடத்தில் வைத்த தகப்பனை என்ன சொல்வது? அவன் கொல்ல நினைக்கவில்லை. ஆனாலும் பிள்ளையைக் காக்கும் கடமை, அவன் முழுதும் திருந்தும்வரை காத்திராது. அலமாரியைப் பூட்டப் பெரிய ஞானமா வேண்டும்? குற்றம் அவனுடையதே.

அவனுடையது மட்டுமா? போதையில் சிக்கிய பெற்றோரின் பிள்ளைகள் 2,50,000 முதல் 3,50,000 வரை இருக்கலாம் என்று, அந்நாட்டு அரசின் ஆலோசனைக் குழு 2003-ல் கணக்கிட்டது. அந்த அறிக்கைக்கு வைத்த பெயரே ‘மறைந்திருக்கும் தீங்கு’. பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று தாய் மறைக்கிறாள். அக்கம்பக்கத்தார் ஏளனத்துக்கு அஞ்சித் தகப்பன் மறைக்கிறான். கட்டிலுக்கடியில் ஒளித்த பாட்டில், தவழும் பிள்ளைக்குத்தான் முதலில் எட்டும். ஏசியே ஒளிய வைத்தவர்களுக்கும் இந்தப் பாவத்தில் பங்குண்டு.

இப்போது சிகிச்சை நிலையங்கள் பல, மருந்தைப் பூட்டிவைக்கப் பெட்டியும் கொடுக்கின்றன. வீட்டில் பிள்ளை உண்டா, மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்கின்றன.