முகம் ஓர் அமானிதம்

ஒருவரின் துயரத்தை ஊரறியக் காட்டினால்தான் உதவி கிட்டும் என்னும்போது, அவரைக் கேளாமலே காட்டலாமா? காட்டிய பின் அவருக்கு நாம் பட்ட கடன் என்ன? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்புகின்ற புகைப்படம் ஒன்றுண்டு. 'குடிபெயர்ந்த தாய்' என்பது அதன் பெயர். நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அது பலமுறை பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. 1955ஆம் ஆண்டில் அங்கு நடைபெற்ற 'மனிதக் குடும்பம்' என்னும் புகழ்பெற்ற கண்காட்சியின் 503 படங்களுள் அதுவும் ஒன்று.

கன்னத்தருகே கையை வைத்து, தொலைவை நோக்கும் ஒரு தாய். அவர் தோள்களில் முகம் புதைத்த இரு குழந்தைகள். மடியிலே ஒரு கைக்குழந்தை. கலிபோர்னியாவில் நிபோமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில், 1936 மார்ச்சில் டொரோத்தியா லேங் என்னும் பெண்மணி அரசுப் பணிக்காக எடுத்த படம் அது. பனியால் பயிர் அழிந்து, வேலையின்றி மக்கள் பசித்திருந்த வேளை. சில நிமிடங்களில் சில படங்களை எடுத்துக்கொண்டு லேங் புறப்பட்டார். அத்தாயின் வயது 32 என்று அறிந்துகொண்டார், பெயரைக் கேட்கவில்லை.

அப்படங்கள் நாளேட்டில் வெளிவந்ததும் அரசு 20,000 பவுண்டு உணவுப் பொருள்களை அம்முகாமுக்கு அனுப்பியது. பசித்த வயிறுகள் பல நிறைந்தன. இந்த நன்மையை யாரும் மறுக்க இயலாது. ஆயினும், எவருடைய முகம் இவ்வுதவியின் அடையாளமாய் நின்றதோ, அவர் அதற்குள் பிழைப்புத் தேடி வேறிடம் சென்றுவிட்டிருந்தார்.

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1978இல்தான் அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதை உலகம் அறிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்றும், அதை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் மனம் நொந்து கூறினார். 1983இல் அவர் நோயுற்றபோது பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி வேண்டினர். 30,000 டாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. அவ்வாண்டே அவர் காலமானார்.

குற்றம் லேங்கினுடையதா? அவர் பணம் சேர்க்கப் படமெடுத்தவரல்லர். ஏழைகளின் நிலையை நாடறியச் செய்வதே அவர் நோக்கம். படமும் அரசின் உடைமையாய், யாவரும் எடுத்தாளக்கூடிய பொதுச் சொத்தாயிற்று. நோக்கம் தூயதுதான். ஆனால் தூய நோக்கம் கடனைத் தீர்த்துவிடுமா? ஒருவர் தம் துயரமுகத்தை நம் பார்வைக்குத் தந்தால், அது நம்மிடம் விடப்பட்ட அமானிதம். அதைக் கொண்டு நூறு பேருக்கு நன்மை செய்தோம் என்பது, உரியவரின் ஹக்கை மறந்ததற்கு விடையாகாது. பெயரைக் கேட்பதும், சம்மதம் பெறுவதும், பிறகு அவர் என்ன ஆனார் என்று விசாரிப்பதும் செலவில்லாத கடமைகள். அக்கடமை படம் எடுத்தவரோடு நிற்பதன்று; ஆண்டுக்கணக்காய் அம்முகத்தைக் கண்டு உருகி நின்றோர்க்கும் அதில் பங்குண்டு.

இன்று படக்கருவி இல்லாத கை அரிது. அரிசி மூட்டையை நீட்டும்போதே, வாங்குபவரின் தாழ்ந்த முகத்தையும் படம்பிடித்துப் பலருக்கும் அனுப்புகிறோம். மற்றவர்களையும் ஈகைக்குத் தூண்டவே செய்கிறோம் என்கிறோம். அது உண்மையாகவும் இருக்கலாம். எனினும், மூட்டையை மட்டும் காட்டினால் போதாதா? அந்த ஏழையின் பிள்ளைகள் நாளை அப்படத்தைக் காண நேர்ந்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? பசியைப் போக்குவது அறம். பசித்தவரின் கண்ணியத்தைக் காப்பதும் அதே அறத்தின் பாதி. இரண்டையும் சேர்த்தே கொடுக்க நாம் பழகுவோமாக.