காவற்பதவியும் காலவரம்பும்

பேஷ்வாக்களின் ஆட்சித் தலைநகரான புனேயில், நகரக் காவல் தலைவராகிய கோத்வால் பதவியில் காசிராம் என்பவர் 1777 முதல் 1791 வரை இருந்தார். அவரை அமர்த்தியவர் நானா பட்னாவிஸ். 1791-இல் தெலுங்கு அந்தணர் பலர் காவலறையில் மூச்சுத்திணறி இறந்தனர். வெகுண்ட மக்கள் கோத்வாலைக் கல்லால் அடித்துக் கொன்றனர். விஜய் டெண்டுல்கரின் நாடகத்தால் (1972) இச்செய்தி பரவலாக அறியப்பட்டது. நாடகம் அமர்த்தியவரின் சூழ்ச்சியையே முன்னிறுத்துகிறது. எனினும் பதினான்கு ஆண்டுகளில் அவரை இறக்குவதற்கு முறையான வாயில் எதுவும் மக்களுக்கு இருந்திலது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

மக்களே தேர்ந்தெடுத்திருப்பின் இக்கேடு நேர்ந்திராது எனலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டக் காவல் தலைவரான ஷெரிப் வாக்களித்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஆயின் கைது செய்யவும் சிறையை ஆளவும் வல்லவரை எதிர்த்து வாக்களிப்பது, ஏனையோரை எதிர்த்து வாக்களிப்பது போன்றதன்று. அச்சம் வாக்கினுள்ளும் புகும். இந்தியானா மாநில அரசமைப்பு, பன்னிரண்டு ஆண்டுக் காலத்தில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் ஷெரிப்பாக இருத்தலாகாது என்கிறது.

இவ்விதியின் சாயலைப் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) காணலாம். அங்குக் குடவோலையால் தெரிவு செய்யப்பட்டோர் ஏரி, தோட்டம் முதலிய வாரியப் பணிகளுக்குரியோர், காவலர் அல்லர். நிலமுடைய அந்தணர்க்கே அத்தகுதி உரியதாக இருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. எனினும் பதவிக்காலம் 360 நாள். அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். நன்கு பணியாற்றியவருக்கும் இவ்விடைவெளி உண்டு. ஆகவே இது தண்டனையன்று. ஆண்டவர் சிறிது காலம் ஆளப்படுபவராக வாழும் ஏற்பாடு எனலாம். பட்டறிவு வீணாகும் என்னும் மறுப்பிற்கும் இதிலேயே விடையுண்டு: விலகியவர் மூன்றாண்டுகளில் திரும்பலாம்.

இன்றைய இந்தியக் காவல்துறையோ நேர் எதிரான பிணியுடையது. பிரகாஷ் சிங் வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பொறுப்பாளர் முதல் மாநிலக் காவல்துறைத் தலைவர் வரை முதன்மைப் பொறுப்புகளில் உள்ளோருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம் வேண்டுமென ஆணையிட்டது. அங்கு அஞ்சத்தக்கவர் பதவியில் இருப்பவரல்லர், அவரை நினைத்தபோது மாற்றுபவர்.