கோலின் அளவு

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கருத்தரங்கக் கூடத்தில் இளம் பெண் மருத்துவர் ஒருவரின் உடல் கிடந்தது. நீண்ட பணிநேரத்துக்கு நடுவே சற்றுக் கண்ணயர அவருக்குக் கிடைத்த இடம் அந்தக் கூடம்தான். நாடே கொதித்தது. மருத்துவர்கள் வேலையை நிறுத்தினார்கள். பெண்கள் நள்ளிரவில் வீதிக்கு வந்தார்கள். ஐந்தே மாதத்தில் விசாரணை முடிந்து, காவல்துறையின் தன்னார்வலராக வேலை பார்த்த ஒருவர் குற்றவாளி என்று 2025 ஜனவரி 18 அன்று சியால்தா செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு நாள் கழித்து நீதிபதி அனிர்பன் தாஸ் தண்டனையை அறிவித்தார்: சாகும்வரை சிறை. அரிதினும் அரிதான வழக்கு என்ற வரம்புக்குள் இது வரவில்லை, ஆகவே தூக்கு இல்லை என்றார். உடனே கோபம் நீதிபதியின் பக்கம் திரும்பியது. வழக்கு தங்கள் போலீஸ் கையில் இருந்திருந்தால் தூக்கு வாங்கிக் கொடுத்திருப்போம் என்று முதல்வர் மம்தா பானர்ஜி சொன்னார். மறுநாளே மாநில அரசு தூக்குக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, வழக்கை விசாரித்த சி.பி.ஐ.யும் பின்னர் போனது. ஆனால் அந்த நீதிபதி செய்ததே சரி. நாடு முழுவதும் ஓர் உயிரைக் கேட்டுக் கூச்சலிடும்போது, சட்டம் அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்வது எளிய காரியமல்ல.

தண்டனை எதற்காக? சட்டநூல்கள் நான்கு காரணம் சொல்லும்: செய்ததற்கு ஈடு, பிறருக்கு அச்சம், குற்றவாளியை ஊரிலிருந்து விலக்கி வைத்தல், அவரைத் திருத்துதல். இவற்றில் எது தலைமையானது என்பதை வள்ளுவர் வெருவந்த செய்யாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே தீர்த்து வைத்துவிட்டார். நடந்ததைத் தக்கபடி ஆராய வேண்டும். அந்தக் குற்றம் மீண்டும் நிகழாதபடி, குற்றத்துக்குப் பொருந்தும் அளவில் தண்டிக்க வேண்டும். அப்படிச் செய்பவனே வேந்தன் என்கிறார். ஆராய்ச்சி முதலில், அளவு அடுத்து, நோக்கம் இனி நடக்கவிருப்பதைத் தடுப்பது. மக்கள் மனம் குளிர வேண்டும் என்ற பேச்சே அங்கே இல்லை. புறநானூற்றின் பத்தாம் பாட்டில் சோழன் நெய்தலங்கானல் இளஞ்சேட்சென்னியை ஊன்பொதி பசுங்குடையார் பாராட்டுவதும் இதற்காகத்தான். பிறர் சொல் கேட்டு முடிவு செய்யாமல் தானே தீமையைக் கண்டறிந்து, நூல்வழி ஆராய்ந்து, தகுதிக்கேற்பத் தண்டிப்பவன். தவறியவன் வந்து பணிந்து நின்றால் தண்டனையைத் தணிப்பவன். புலவர் ஓர் அரசனிடம் கண்ட பெருமைகளில் தணிக்கத் தெரிவதும் ஒன்றாக இருந்தது என்பதை இன்று தூக்குக் கேட்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு மரண தண்டனையை ஏற்றுக்கொண்டபோதும், ஆயுள் தண்டனையே விதி, தூக்கு விலக்கு என்று வகுத்தது. குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவர் திருந்தவே மாட்டார் என்பதை அரசுத் தரப்புதான் சான்றோடு காட்ட வேண்டும் என்றது. இடைவெளி பல நூற்றாண்டுகள், கொள்கை ஒன்றுதான்.

அதே அதிகாரத்தில் வள்ளுவர் இன்னும் இரண்டு இடங்களில் அரசனை எச்சரிக்கிறார். ஆக்கம் நெடுங்காலம் நிலைக்க விரும்புகிறவர் கோலைக் கடுமையாக ஓங்கி மென்மையாக வீச வேண்டும் என்கிறார். கடுஞ்சொல்லும் எல்லை மீறிய தண்டனையும் அரசனின் வலிமையையே தேய்க்கும் அரம் என்கிறார். எல்லை மீறிய தண்டனையால் அழிவது தண்டிக்கப்பட்டவன் மட்டுமல்ல, தண்டித்த ஆட்சியும்தான். இதற்குச் சிலப்பதிகாரத்தை விடப் பெரிய சான்று தமிழில் வேறில்லை. பொற்கொல்லன் ஒருவன் சொன்னான், கோப்பெருந்தேவியின் ஊடலைத் தணிக்கும் அவசரத்தில் இருந்த பாண்டியன் நெடுஞ்செழியன் நாடாமல் ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான், மதுரை எரிந்தது. பாண்டியன் கொடியவன் அல்லன், அவசரப்பட்டவன். அந்த அவசரத்தை நாம் விட்டுவிடவில்லை. ஹைதராபாத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் பிடிபட்ட நால்வரை 2019 டிசம்பர் 6 அன்று போலீஸ் சுட்டுக் கொன்றது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு இல்லை. சுட்ட இடத்தில் கூடிய மக்கள் போலீசார் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ, அவர்கள் வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்றும் நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் 2022இல் அறிக்கை தந்தது. நான்கு பேரும் செய்தார்களா, ஒருவர் செய்து மற்றவர் உடனிருந்தாரா என்பது எந்த நீதிமன்றத்திலும் இனி நிறுவப்படப் போவதில்லை.

இது போலீசின் அத்துமீறல், நீதிமன்றத்தில் அப்படி நடக்காது என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. ஒரு கொலை வழக்கில் தண்டனை எப்படி முடிவாகிறது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பு வாசிக்கப்பட்டதும், தண்டனை பற்றி இருதரப்பையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். பல நீதிமன்றங்களில் அது அன்றைக்கே, சில நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் முடிந்துவிடுகிறது. அரசு வக்கீல் குற்றத்தின் கொடுமையை மீண்டும் சொல்வார். எதிர்த்தரப்பில் பெரும்பாலும் சட்ட உதவி மையம் அமர்த்திய வக்கீல் எழுந்து, வயதான தாயார் இருக்கிறார், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இதுவே முதல் குற்றம், கருணை காட்ட வேண்டும் என்று நாலு வரி சொல்வார். கூண்டில் நிற்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள்; நான் செய்யவில்லை என்பார், அல்லது தலையைக் குனிந்துகொள்வார். அவர் எப்படி வளர்ந்தார், அடிபட்டு வளர்ந்தாரா, படித்தாரா, மனநோய் உண்டா, விசாரணைக் காலத்தில் சிறையில் எப்படி நடந்துகொண்டார் என்பதெல்லாம் கோப்பில் இருக்காது. இந்தக் கோப்பை வைத்துக்கொண்டு ஒருவர் திருந்துவாரா மாட்டாரா என்று எப்படிச் சொல்வது? 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் குறையைத்தான் சுட்டிக்காட்டியது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, சிறையில் நடத்தை பற்றிய அறிக்கை, மனநல மதிப்பீடு ஆகியவற்றை விசாரணை நீதிமன்ற நிலையிலேயே பெற வேண்டும் என்றது. வள்ளுவர் சொன்ன ஆராய்ச்சிக்கு இன்றைய அலுவலக வடிவம் இதுவே.

நாடாமல் ஓங்கிய கோல் எங்கே போய் விழும் என்பதற்கு நம் சொந்தப் பதிவேடுகளே சாட்சி. 1995இல் வந்த ஒரு தீர்ப்பு, தண்டனை விதிக்கக் குற்றத்தைப் பார்த்தால் போதும், குற்றவாளியைப் பார்க்க வேண்டியதில்லை என்றது. அதைப் பின்பற்றி மேலும் சில தீர்ப்புகள் வந்தன. பச்சன் சிங் தீர்ப்புக்கு முரணான அந்த வழி பிழை என்று 2009இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்தப் பிழையான வழியில் தண்டிக்கப்பட்ட இருவர் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். அதே 2009இல் இன்னொரு வழக்கு: மகாராஷ்டிரத்தில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேர், கொலையும் கூட்டு வன்கொடுமையும் செய்தவர்கள் என்று தண்டிக்கப்பட்டிருந்தார்கள். உயர் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கை ஆயுளாகக் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் தூக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. பத்து ஆண்டுகள் போயின. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. உயிர்தப்பிய பெண் சாட்சி போலீசின் புகைப்படத் தொகுப்பில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார்; அவர்களை யாரும் விசாரிக்கவே இல்லை. ஆறு பேரில் ஒருவர் சம்பவம் நடந்தபோது சிறுவர். பதினாறு ஆண்டுச் சிறைக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது நீதிமன்றம். இடையில் தூக்கு நிறைவேறியிருந்தால் அந்தப் பணத்தை யார் கையில் கொடுத்திருப்பார்கள்?

தூக்கு இருந்தால்தான் பயம் இருக்கும் என்பார்கள். பயம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எது பயம் தருகிறது என்பதே கேள்வி. 2012 டெல்லி கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழு, பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. அரசு கேட்கவில்லை, 2013இல் சில வகை வழக்குகளுக்குத் தூக்கு வந்தது. 2018இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமிகள் மீதான குற்றத்துக்கு வந்தது. 2019இல் போக்சோ சட்டத்துக்குள்ளும் வந்தது. ஆர்.ஜி. கர் சம்பவத்துக்குப் பின் 2024 செப்டம்பரில் மேற்கு வங்கச் சட்டப்பேரவை, பாதிக்கப்பட்டவர் இறந்தால் தூக்கு கட்டாயம் என்று மசோதா நிறைவேற்றியது. கட்டாயத் தூக்கு அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1983இலேயே மித்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தும் நிறைவேற்றியது. ஓங்கி ஓங்கிக் கை வலித்ததுதான் மிச்சம். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தண்டனையில் முடிவது பெரும்பாலான ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. பத்தில் ஒன்பது வழக்குக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர், உறவினர் அல்லது பக்கத்து வீட்டுக்காரர். மாமனோ சித்தப்பனோ தூக்கில் தொங்குவார் என்று தெரிந்தால் ஒரு குழந்தையின் வாயை வீட்டாரே பொத்துவார்கள். கொலைக்கும் வன்கொடுமைக்கும் ஒரே தண்டனை என்றால், சாட்சியை உயிரோடு விடாதே என்று குற்றவாளிக்குச் சட்டமே சொல்லிக் கொடுத்தது போலாகும். தண்டனையின் கடுமையை விட அதன் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று 1764இல் இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா எழுதினார். ஐந்து மாதத்தில் விசாரணை முடிந்த கொல்கத்தா வழக்கில் குற்றவாளிகள் அஞ்ச வேண்டியது ஏதாவது இருந்தால், அது அந்த ஐந்து மாதம்தான்.

மறுதரப்புக்கும் வள்ளுவர் துணை உண்டு. கொடியவரைக் கொலைத் தண்டனையால் ஒறுப்பது பயிருக்குக் களையெடுப்பது போன்றது என்று செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் அந்தக் கொடியவர் யார் யார் என்று பரிமேலழகர் தரும் பட்டியலில் கள்வரும் வழிப்பறிக்காரரும்கூட இருக்கிறார்கள். திருடனைத் தூக்கில் போடு என்று இன்று யாரும் கேட்பதில்லை. ஆகவே அந்தக் குறளை எழுத்துக்கு எழுத்தாக எடுத்துக்கொள்வதை நாம் எப்போதோ விட்டுவிட்டோம். அது மட்டுமல்ல, அந்தக் குறளுக்கு முன் அதே அதிகாரத்தின் முதல் குறள், ஆராய்ந்து, யாரிடத்தும் சாயாமல் செய்வதே முறை என்று நிபந்தனை போட்டுவிடுகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் துயரம் பெரிது. அதன் முன் எந்த வாதமும் சிறிதுதான். ஆயினும் அந்தத் துயரத்தின் பெயரால் பேசுகிறவர்கள் அந்தக் குடும்பம் என்ன சொல்கிறது என்று கேட்டார்களா? அந்த மருத்துவரின் பெற்றோர் நீதிமன்றம் அறிவித்த 17 லட்ச ரூபாய் இழப்பீட்டை வேண்டாம் என்றார்கள். உண்மை முழுவதும் வெளிவர வேண்டும், இதில் வேறு யாருக்கும் பங்கிருந்தால் தெரிய வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. மகள் உயிர் போனதற்காக அவன் உயிரும் போக வேண்டும் என்று கேட்கவில்லை என அவர்களின் வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் சொன்னார்.

மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனை மேற்கோள் காட்டுவாரும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையே இருக்கிறது. ஆனால் அவன் தண்டித்தது யாரை? தன் மகனை, தன் வீட்டை, தன் ஆட்சியின் அலட்சியத்தை. கொல்கத்தாவில் குற்றவாளியை வேலைக்கு வைத்திருந்தது அரசு. இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குப் பாதுகாப்பான ஓய்வறை தராதது அரசு மருத்துவமனை. காவல்துறையின் போக்கையும் மருத்துவமனை நிர்வாகத்தையும் தீர்ப்பே கண்டித்தது. மனுநீதி வழி நடக்க விரும்பும் அரசு முதலில் தன் தேர்ச்சக்கரத்தில் யார் சிக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். ஒருவனைத் தூக்கில் தொங்கவிட்டால் மற்ற எல்லாக் கேள்வியும் அன்றோடு ஓய்ந்துபோகும். ஆட்சியாளர்களுக்குத் தூக்கு அவ்வளவு பிடித்துப்போவதற்கு இது முக்கியக் காரணம். அதற்குத் துணைபோகக் கூடாது.

மணிமேகலை சோழ மன்னனிடம் வரம் கேட்க வாய்ப்புக் கிடைத்தபோது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரும்படி கேட்டாள். அந்த அளவுக்கு இன்று யாரும் கேட்கவில்லை. சாகும்வரை சிறை என்பது இரக்கமான தண்டனையும் அல்ல. கேட்பது சிறிய காரியம். தண்டனை விசாரணையின் முறையை வகுக்கும் பொறுப்பை 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. அதற்காகக் காத்திராமல் ஒவ்வொரு செஷன்ஸ் நீதிமன்றமும் நாளைக்கே ஒன்று செய்யலாம். தூக்குக்கு வாய்ப்புள்ள வழக்கில், குற்றவாளி என்று அறிவித்த பின் தண்டனைக்குச் சில வாரம் வாய்தா போட வேண்டும். நன்னடத்தை அலுவலர், சிறைக் கண்காணிப்பாளர், மனநல மருத்துவர் ஆகிய மூவரிடமும் எழுத்தில் அறிக்கை வாங்க வேண்டும். அவற்றை எதிர்த்தரப்பு வக்கீல் படித்துவிட்டு வாதாடக் கால அவகாசம் தர வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஆளும் கட்சியின் அனுமதியும் தேவையில்லை.