இன்னொரு முறை

கொங்கு நாட்டுக் குடியானவன் 1,000 அடி போர் போட்டும் புழுதிதான் பறந்தது என்றால் ஓய்ந்துவிடுவதில்லை. உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை மறுபடி அழைத்து வந்து, பத்து முழம் தள்ளி இன்னொன்று போடுகிறான். போட்ட பணம் வீணாகக் கூடாதே! பிள்ளைக்காக வைத்தியம் செய்து தோற்ற தம்பதிகளுக்கும் உறவினர் இதே கணக்கைத்தான் சொல்லுகிறார்கள்: "இவ்வளவு செலவழித்தாயிற்று, இன்னும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்." ஆனால் இங்கே துளைபடுவது நிலம் அல்லவே.

ஏன் தோற்றது? பெரும்பாலும் கருவின் குரோமோசோம்களில் நேர்ந்த பிழை. பெண்ணின் வயது ஏற ஏற அது மிகுகிறது. சில சமயம் குறை ஆணிடம் இருக்கும். ஒன்றுமே புலப்படாமல் போவதும் உண்டு. படியேறியதால் கரு கலைந்தது என்பது அக்கம்பக்கத்தார் தீர்ப்பு. மருத்துவத்தின் தீர்ப்பு அன்று. எத்தனை முட்டை கிடைத்தது, எத்தனை கருவாயிற்று, உறையவைத்த கரு மிச்சம் உண்டா, அடுத்த முறை எதை மாற்றப் போகிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். மிச்சம் இருந்தால் முட்டை எடுக்கும் பாடு மறுபடி இராது. எதையும் மாற்றாமலே பலித்துவிடுவதும் உண்டு. அதனால்தான் எங்கே நிறுத்துவது என்று அறிவால் மட்டும் சொல்ல முடிவதில்லை.

இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அந்தத் தாயை உலகம் அறியும். 1969 முதல் 1978 வரை அந்த ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்த பெண்கள் 282 பேர். அதில் பிள்ளை பெற்றவர்கள் இருவரே. மற்ற 280 பேரையும் தோற்றவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) திருச்செங்கோட்டுக் கதை. பிள்ளை இல்லாத பொன்னாவைத் திருவிழா இரவில் அனுப்பிவிடுவதென்று பெற்றவளும் மாமியாரும் அண்ணனும் கூடித் தீர்மானிக்கிறார்கள். கணவன் சம்மதித்துவிட்டான் என்று அவளிடம் சொல்லப்படுகிறது. அது பொய். அந்த நாவலைப் பற்றி ஊரெல்லாம் ஒழுக்கம் பேசியது. சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று நூலுக்குத் தடை இல்லை என்றது. என்னை உறுத்தியதோ அந்தப் பொய் ஒன்றுதான்.

இன்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து மூலம் சம்மதம் கேட்கிறது. கையெழுத்து வாங்குவது எளிது. தோட்டத்தை அடமானம் வைத்த பணம் மடியில் இருக்க, மாமியார் வெளியே பெஞ்சில் காத்திருக்க, "எனக்குப் போதும்" என்று ஒருத்தியால் சொல்ல முடியுமா? எல்லாரும் கைவிட்ட பிறகு, "இல்லை, எனக்கு இன்னொரு முறை வேண்டும்" என்று அவள் சொன்னால்தான் கேட்க ஆள் உண்டா?