நற்கருத்தும் நம்பகமும்: நபிமொழி வகைப்பாட்டில் அறநோக்கு

ஒரு கூற்றை உரியவரே உரைத்தாரா என்னும் வினா பனுவலாய்வுக்கு அடிப்படையானதாகும். கொல்கத்தா ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்ட ‘பிசித்ரா’ இணையத் தொகுப்பு, தாகூரின் கையெழுத்துப் படிகளையும் அச்சுப் பதிப்புகளையும் ஒப்பிட வழிசெய்கிறது. அங்குக் கவிஞரின் கையெழுத்தே சான்றாக நிற்கிறது. வாய்மொழியாக வழங்கிவந்த கூற்றுக்குச் சான்று யாது? அந்நகரின் ஆசியவியல் கழகம் 19-ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட, இப்னு ஹஜர் அஸ்கலானியின் (இ. 1449) ‘அல்-இஸாபா’ நபித்தோழர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்துரைக்கிறது. அறிவித்தவரை அறிந்தே அறிவிப்பை எடையிட வேண்டும் என்பது ஹதீஸ் அறிஞர்தம் நெறி.

இப்னு ஸலாஹ் (இ. 1245) தரும் வரையறையின்படி, ‘ஸஹீஹ்’ என்னும் ஆதாரப்பூர்வமான நபிமொழிக்கு ஐந்து தகுதிகள் வேண்டும். அறிவிப்பாளர் தொடர் அறுபடாதிருத்தல், அறிவிப்பாளரின் நேர்மை, அவர்தம் நினைவாற்றலின் உறுதி, வலுவான பிற அறிவிப்புகளோடு முரண்படாமை, மறைகுறை இன்மை என்பன அவை. நினைவாற்றல் சற்றே குறையின் அது ‘ஹஸன்’, தகுதிகள் பொருந்தாதது ‘ளயீஃப்’ எனும் பலவீனமானது, இட்டுக்கட்டப்பட்டது ‘மவ்ளூஃ’. நேர்மையும் நினைவாற்றலும் தனித்தனியே அளக்கப்படுவது இங்குக் கருதத்தக்கது. பக்தியில் சிறந்தவராயினும் நினைவு பிறழ்பவரின் அறிவிப்பு பலவீனமானதே. ஒருவரின் குறையைப் புறத்தே பேசுதல் இஸ்லாத்தில் பாவமாயினும், அறிவிப்பாளரின் குறையை வெளிப்படுத்துவதை அறிஞர்கள் கடமையாகவே கொண்டனர்.

எனினும், நல்ல கருத்தைப் பரப்புதற்காக ஒரு கூற்றைப் புனைந்தால் அது குற்றமாகுமா? மக்கள் குர்ஆனை விட்டு விலகுவது கண்டு, அதன் அத்தியாயங்களின் சிறப்புரைக்கும் நபிமொழிகளைத் தாமே புனைந்ததாக எட்டாம் நூற்றாண்டினரான நூஹ் இப்னு அபீ மர்யம் ஒப்புக்கொண்டார் என்பர். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என்னும் வள்ளுவர் கருத்து இவருக்குத் துணையாகுமோ என ஐயுறலாம்.

ஆகாது என்பதே ஹதீஸ் கலையின் விடை. பலவீனமான அறிவிப்பை நற்செயல்களின் சிறப்புரைக்குச் சில வரையறைகளோடு எடுத்தாளலாம் என்றோர் உளர். புனைந்ததையோ, புனைவென அறிவிக்க மட்டுமே எடுத்தாளலாம். புனைந்தவர் தம் கருத்துக்குப் பிறர் நாவை இரவல் கொள்கிறார். அஃது உரைத்தவருக்கு இழைக்கும் அநீதி. ஏற்று நடப்போரை ஏய்ப்பது. உண்மை வெளிப்படுங்கால் மெய்யான அறிவிப்புகளையும் ஐயத்துக்கு உள்ளாக்குவது. எனவே, அதன் பயன் குற்றமற்ற நன்மை ஆவதில்லை. கம்பனின் பாடல்களிலிருந்து மிகைப்பாடல்களைப் பிரித்தறியும் தமிழ்ப் பதிப்பாளரும், சுவை கருதி அவற்றைக் கம்பன் வாக்கென்று கொள்வதில்லை. கருத்தின் நன்மை வேறு, அதனை உரைத்தவர் யார் என்னும் உண்மை வேறு என்னும் தெளிவே இவ்வகைப்பாடு உணர்த்தும் அறம் எனலாம்.